லயத்துக் காம்பராவில் ஓர் ஊசி

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் நேரம் எப்போதுமே பரபரப்பானது. காலியாகும் கட்டிலுக்கு அடுத்த நோயாளி காத்திருப்பார். மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் போக வேண்டியவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்துத் தவித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பரபரப்புக்குள்தான் சிலருடைய கையில் ஒரு சின்னப் பெட்டியும் வந்து சேர்கிறது. உள்ளே மருந்து நிரப்பிய ஊசிகள். நாளுக்கு ஒன்று, வயிற்றுத் தோலுக்குக் கீழே, வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். விளக்கம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

பசறையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அது போகாத இடத்திலிருந்து படியேறி, லயத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அன்றிரவு வீட்டில் ஒரு கேள்வி எழும். யார் போடுவது?

ஊவாவின் தோட்டங்களில் பல வீடுகளில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் கிடைப்பதில்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் கட்டுநாயக்கவிலோ, கடல் கடந்தோ வேலையில் இருக்கிறாள். வீட்டில் மிஞ்சியிருப்பது வயதானவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும்தான். டிஸ்பென்சரிக்கு நடந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால், இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தவர் அந்த மலைப்பாதையில் எப்படி நடப்பார்? ஒரு நாள், இரண்டு நாள் போட்டுவிட்டு மீதி ஊசிகளை அலுமாரியில் வைத்து மூடிவிடும் வீடுகள் உண்டு. அப்படி மூடிவைக்கப்படும் பெட்டிதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது வலி மாத்திரை போல விரும்பினால் எடுத்துக்கொள்ளும் மருந்து இல்லை. ஓர் உயிரைத் திடீர் மரணத்திலிருந்து காப்பதற்காக எழுதப்பட்ட மருந்து.

எனொக்சபரின் என்பது அதன் பெயர். கிளெக்சேன் என்ற வணிகப் பெயரில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஹெப்பரின் என்ற பழைய மருந்தின் வழிவந்தது இது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் 1916இல் நாயின் ஈரலை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருள் தென்பட்டது. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்ததுதான் ஹெப்பரின். அதை வைத்தியசாலையில் வைத்து, அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அதன் மூலக்கூறைச் சிறிதாக்கி, நாளுக்கு ஒருமுறை அளவாக வீட்டில் போடக்கூடியதாகச் செய்தது 1980களின் வேலை. இன்று எனொக்சபரின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இது பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமய நம்பிக்கையால் இதில் தயக்கம் உள்ளவர்கள் வார்டிலேயே வைத்தியரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது. வீட்டுக்குப் போய் யாருக்கும் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏன் இது தேவைப்படுகிறது? மலையேறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் ஒருவருடைய கெண்டைக்கால் தசை நாள் முழுவதும் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதே ஆள் நாட்கணக்கில் படுத்துக் கிடந்தால் காலின் ஆழத்திலுள்ள நாளங்களில் இரத்தம் தேங்குகிறது. கத்தி பட்ட உடல் காயத்தை அடைப்பதற்காக இரத்தத்தை இலகுவில் உறையும் நிலைக்குக் கொண்டுவருகிறது. நாளங்களிலும் காயம் பட்டிருக்கும். இந்த மூன்றும் ஒன்றுசேரும்போது இரத்தம் கட்டியாகிறது என்பதை ஜேர்மன் மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். காலில் உண்டான கட்டி அங்கேயே இருந்தால் வீக்கமும் வலியும். பிய்ந்து நுரையீரலுக்கு ஓடினால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

இந்த ஆபத்து டிக்கட் வெட்டும் நாளோடு முடிவதில்லை. வீட்டுக்கு வந்து, தையல் பிரித்து, ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் வாரங்களிலும் கட்டி உண்டாகிறது. வயிற்றிலும் இடுப்புக்குழியிலும் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு வாரத்தோடு ஊசியை நிறுத்தியவர்களில் 12 சதவீதமானோருக்கு நாளத்தில் கட்டி காணப்பட்டது. நான்கு வாரம் தொடர்ந்து போட்டவர்களில் அது 4.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. நான்கு வாரப் பெட்டி வீட்டுக்கு வருவதற்கு இதுதான் காரணம். இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு ஐந்து வாரம் வரை எழுதப்படுவதுண்டு. சிசேரியன் செய்த எல்லாத் தாய்மாருக்கும் இது தேவையில்லை. ஆபத்து உள்ளவர்களுக்குப் பத்து நாள், ஆபத்து கூடியவர்களுக்கு ஆறு வாரம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. மூட்டு மாற்றியவர்கள் சிலருக்கு ஊசிக்குப் பதிலாக மாத்திரை கொடுப்பதும் உண்டு. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஊசியே பாதுகாப்பானது. எத்தனை நாள் என்பதை முடிவெடுப்பவர் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர். பக்கத்துக் காம்பராக்காரருக்குப் பத்து நாளில் நிறுத்தினார்கள் என்பதற்காக நாமும் நிறுத்த முடியாது.

தோட்டத்தில் இந்த ஊசியைப் பற்றி உள்ள பெரிய பயம் குத்துவதைப் பற்றியது இல்லை. "இருக்கிற ரத்தமே கொறைவு, இது அதையும் தண்ணியாக்கிப்புடுமே" என்ற பயம்தான். அதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. இரத்தச்சோகை மலையகப் பெண்களின் வாழ்க்கையோடு ஒட்டிய நோய். கிளினிக்கில் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதே இரத்தம் குறைவு என்பதுதான். அப்படிப்பட்டவரிடம் போய் இரத்தத்தை ஐதாக்கும் ஊசி என்றால் அவர் பயப்படாமல் என்ன செய்வார்? இந்த மருந்து இரத்தத்தில் ஒரு சொட்டையும் குறைப்பதில்லை. இரத்தம் உறைவதற்கு உடல் பயன்படுத்தும் ஒரு காரணியைச் சில மணிநேரம் அடக்கி வைக்கிறது, அவ்வளவே. ஏற்கெனவே உண்டான கட்டியை அது கரைப்பதும் இல்லை. மேலும் வளராமல் தடுக்கிறது. மீதி வேலையை உடம்பு பார்த்துக்கொள்கிறது.

இதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்க வெளியிலிருந்து உதாரணம் கொண்டுவரத் தேவையில்லை. மழைக்காலத்தில் மலையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அட்டைக்கடி தெரியும். அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருக்கும். அட்டையின் எச்சிலில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதுதான் காரணம். பிரித்தானிய உடலியலாளர் ஹேக்ராஃப்ட் அதை 1884இல் கண்டறிந்தார். அதற்கு ஹிருடின் என்று பெயர். ஊசியும் ஏறத்தாழ அதே வேலையைத்தான், அளந்து, உடல் முழுவதற்கும் செய்கிறது. அட்டை கடித்த இடம் எப்படிச் சற்று நேரத்தில் தானாக மூடிக்கொள்கிறதோ, அப்படியே ஊசியின் வேகமும் நிறுத்திய பின் அடங்கிவிடும். ஊசி போடும் நாட்களில் அட்டை கடித்தால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கசியும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு வீட்டில் இந்த ஊசி போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மழைக்கு வழுக்கிய படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மாயி. போடுகிறவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேத்தி. நேரம் இரவு ஏழரை. அந்த நேரத்தை அவளே தெரிந்தெடுத்திருந்தாள். காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் மறந்துபோகும், பகலில் வீட்டில் ஆள் இருக்காது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் இருப்பார்கள் என்று காரணம் சொன்னாள். நாள்தோறும் ஒரே நேரம் என்பதுதான் இந்த ஊசிக்கு முக்கியம். அது எந்த நேரமாகவும் இருக்கலாம்.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். அம்மாயி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு அப்பால், முந்தின நாள் வலப்பக்கம் போட்டதால் இன்று இடப்பக்கம். மருந்துக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி தெரிந்தது. வார்டில் போடும் மற்ற ஊசிகளில் காற்றை வெளியே தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதிலும் தள்ளத் தோன்றும். இதில் தள்ளக் கூடாது. தள்ளினால் மருந்தும் சேர்ந்து வீணாகும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வயிற்றுச் சதையை மடிப்பாகப் பிடித்தாள். "அம்மாயி, மூச்ச இழுத்து விடு" என்றாள். ஊசியை நேராக, முழு நீளத்துக்கும் இறக்கினாள். அவசரப்படாமல் மெதுவாக மருந்தைத் தள்ளினாள். ஊசி வெளியே வரும்வரை மடிப்பை விடவில்லை. "எரியுது புள்ள" என்றார் அம்மாயி. தேய்க்கப் போன அவருடைய கையைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். தேய்த்தால் அந்த இடம் கறுத்துக் கன்றிப்போகும். தேய்க்காவிட்டாலும் சிலருக்கு நீலம் பாரிக்கும், சில நாளில் மறையும். அந்த எரிச்சலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

இதில் வைத்தியருக்கு மட்டுமே முடியும் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. அந்தப் பெண்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாதி தமிழில் சொல்லிக்கொடுத்து, முதல் ஊசியை அவளையே போடவைத்து, பார்த்துத் திருத்தியிருந்தார். அந்தச் சில நிமிடங்கள்தான் அந்த வீட்டையும் பெட்டியை மூடிவைத்த வீட்டையும் வேறுபடுத்தின.

சத்திரசிகிச்சைத் தழும்புக்கு அருகே போடக் கூடாது. சிசேரியன் செய்தவர்கள் வயிற்றின் மேல்பக்கத்துப் பக்கவாட்டைத் தெரிந்தெடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் தொடையின் வெளிப்பக்கத்தில் போடலாமா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் அதே நாளில் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த நாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய ஊசி மட்டும் போதும், இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. போட்டதும் நாட்காட்டியில் தேதியைச் சுழித்துவிட்டு, இடமா வலமா என்று ஓர் எழுத்தும் எழுதி வைத்தால் குழப்பம் வராது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் லயத்தில் ஒரு பிரச்சினை. 25 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகாத இடத்தில் இந்த மருந்து இருக்க வேண்டும். மடுல்சீமைக் குளிரில் அது சிரமமில்லை. பதுளை, ஹாலிஎல பக்கம் பங்குனி சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே வெயில் காய்ந்தால் நிலைமை வேறு. அடுப்புக்குப் பக்கத்திலோ, தகரத்தை ஒட்டிய பலகையிலோ வைக்காமல், சுவரோரம் தரைமட்டத்தில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டக்கூடிய ஒரு பெட்டியில் வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைந்த மருந்தைப் போடக் கூடாது.

பாவித்த ஊசியைக் கானில் வீசுவது பெரும் தவறு. லயத்துக் கானில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள். மறுநாள் அதைச் சுத்தம் செய்பவரும் நம்மில் ஒருவர்தான். கெட்டியான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் மூடி திருகிச் சேர்த்து வைத்து, கிளினிக் போகும் நாளில் ஆஸ்பத்திரியிலோ, தோட்டத்து டிஸ்பென்சரியிலோ ஒப்படைக்க வேண்டும்.

இந்த நாட்களில் வலிக்கு பெனடோல் எடுக்கலாம், சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். கடையில் சில்லறையாக வாங்கும் மற்ற வலி மாத்திரைகளில் பலவும், டிஸ்பிரினும், வைத்தியர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம். இரத்தக்கசிவை அவை கூட்டும். நாட்டு மருந்தோ கஷாயமோ எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வீங்கிய காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அந்தக் காலை உருவவே கூடாது. அங்கே கட்டி இருந்தால் அது பெயர்ந்து ஓடிவிடலாம். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். டெங்கு இரத்தத் தட்டுக்களைக் குறைக்கும் நோய். அதோடு இந்த ஊசியும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து பெருகும். ஆகவே காய்ச்சல் என்றால் முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மருந்து கேட்க வேண்டும். ஊசியே சிலரில் தட்டுக்களைக் குறைப்பதுண்டு. வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்குத் தேதி குறித்திருந்தால், பஸ் செலவைப் பார்த்து அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஊவாவுக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதி, காரணம் முழுமையாகக் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று. சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் மருந்து உடலில் தேங்கி இரத்தக்கசிவை உண்டாக்கும். மகியங்கனைப் பக்கத்திலிருந்து வந்தாலும், தோட்டத்தில் நீரிழிவோடும் இரத்த அழுத்தத்தோடும் வாழ்பவரானாலும், சிறுநீரகத்தைப் பற்றி ஏற்கெனவே யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அந்தக் கிளினிக் கொப்பியை வார்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

மூக்கிலோ முரசிலோ இரத்தம் நிற்காமல் வந்தாலும், சிறுநீர் சிவந்தாலும், தையல் போட்ட இடம் நனைந்துகொண்டே இருந்தாலும், தலையில் அடிபட்டாலும் காத்திருக்கக் கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்து நாறினால் அதுவும் அறிகுறிதான். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் தாய்மாருக்கு மலம் சாதாரணமாகவே கறுக்கும் என்பதால் அவர்கள் இதில் குழம்பிப்போவார்கள். சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவதே சரி. திடீரென்று மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ 1990. சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதும் விரிந்தது. அழைப்புக்கும் வண்டிக்கும் பணமில்லை. லயத்து வரைக்கும் வண்டி ஏறாத தோட்டங்களில் ஆளை எந்த இடம்வரை தூக்கி வர வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நோயாளி தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு யார் சொல்லுவது, எந்த மொழியில் சொல்லுவது?

தமிழ் 1987இலிருந்து இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை உட்பட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆனால் வார்டின் கட்டிலோரத்தில், டிக்கட் வெட்டும் அந்த அவசரத்தில், சொல்லப்படுவது பெரும்பாலும் சிங்களத்தில். தலையாட்டிவிட்டு வருகிறார்கள் நம்மவர்கள். புரியாததைத் திரும்பக் கேட்கக் கூச்சம். தாதியரைக் குறை சொல்ல இது எழுதப்படவில்லை. ஒரு வார்டில் எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்பதை நேரில் கண்டவர்கள் அறிவார்கள். ஒரு பக்கத்தில் படத்தோடு, பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாள் அந்தப் பெட்டியோடு கொடுக்கப்பட்டால் அவர்களுடைய வேலையும் குறையும். இதற்குப் பெரிய செலவில்லை.

தோட்டத்தில் டிஸ்பென்சரி என்பது புதிதாக வந்த வசதி இல்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. பல தோட்டங்களில் வைத்திய உதவியாளர் இன்றும் இருக்கிறார். பிரசவித்த தாயைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் முதல் பத்து நாட்களிலேயே வீடு தேடி வருகிறார். ஆட்கள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கும் அவர்களுக்கும் இடையே பேச்சுத்தான் இல்லை. இன்ன தோட்டத்தில் இன்னாருக்கு இத்தனை நாள் ஊசி என்று பதுளையிலிருந்தோ, தியத்தலாவையிலிருந்தோ ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், வைத்திய உதவியாளர் இரண்டாம் நாளே அந்தக் காம்பராவுக்குப் போய்ப் பார்க்க முடியும். எழுதிய ஊசி முடிந்துபோனாலும், ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லாவிட்டாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். 2022 நெருக்கடியில் மருந்துகளை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுத்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாட்சம்பளத்தில் வாழும் வீடு ஒரு மாதத்து ஊசியை பார்மசியில் வாங்குவது எளிதான காரியம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தின் பாதைகளை அறுத்தபோது, மருந்து இருந்தும் போய்ச்சேர வழியில்லாமல் போனது. மழைக்காலத்தில் கைவசம் சில நாட்களுக்குக் கூடுதலாக ஊசி கொடுத்தனுப்புவது இந்த மலைகளுக்கு அவசியமான ஏற்பாடு.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, பக்கத்துக் காம்பராவிலோ யாருக்காவது சத்திரசிகிச்சைக்குத் தேதி கிடைத்திருந்தால், டிக்கட் வெட்டும் நாளில் கூடவே ஓர் ஆளை அனுப்புங்கள். ஊசி போடப்போகிறவரே போவது நல்லது. எத்தனை நாள், என்ன நேரம், எந்த நாளோடு நிறுத்துவது என்று மூன்றையும் தமிழில் எழுதி வாங்குங்கள். முதல் ஊசியை வார்டிலேயே, தாதியின் கண்முன்னால் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். பஸ் போனால் போகட்டும். தோட்டத்துக்கு வந்தவுடன் டிஸ்பென்சரியில் பெட்டியைக் காட்டிப் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஏற்கெனவே யாருடைய அலுமாரியிலாவது அந்தப் பெட்டி மூடிக் கிடந்தால், இன்றே எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.